பெரட்டுக்களத்தில் நான் கொடுத்த குரல்

டிவியில் பட்டாளத்துக்காரர்கள் பூட்ஸ் காலை ஓங்கி மிதித்து நடக்கிறார்களே, அந்தப் பரேடும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டும் ஒரே சொல்தானாம். வெள்ளைக்கார தொரைமார் விட்டுப்போனது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு இது நாற்பது வயதில்தான் தெரிந்தது. எங்களுக்குப் பெரட்டு என்றால் காலையில் களத்தில் நின்று பேர் கொடுப்பது. கொடுத்தால் வேலை. பூட்ஸெல்லாம் கிடையாது, அட்டை கடித்த கால்தான்.

அன்று களத்தில் என் மனைவியைக் காணோம். கைக்குழந்தையை, ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வரவேண்டும். முந்தின இரண்டு நாளும் பிந்தித்தான் வந்தாள். இன்னொரு தடவை பிந்தினால் மேல்மலைக்குத்தான் வேலைக்கு அனுப்புவேன் என்று கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். அங்கே போனால் பத்து மணிக்கு இறங்கிவந்து பால் கொடுக்க முடியாது. பிள்ளையோ புட்டிப்பாலைத் துப்புகிற ராசா.

செடியின் கிளையை நறுக்கிக் கவ்வாத்து வெட்டுகிற என்னைப்போன்ற ஆம்பிளைகளைக் கூப்பிட்ட பிறகுதான் கொழுந்து பறிக்கிற பெண்களைக் கூப்பிடுவார்கள். நேரத்தை இழுக்கலாமென்று, என் பேர் வந்ததும் வாயைத் திறக்காமல் நின்றேன். மூன்றாவது தடவைதான் பதில் சொன்னேன்.

“என்னடா, காதுல தேயிலத்தூளா?” என்றார் கணக்கப்பிள்ளை.

“இல்லீங்கய்யா. ஒங்க வாயால எம்பேரக் கேக்க இனிப்பா இருந்துச்சு.”

களம் சிரித்தது. பெண்கள் பேர் தொடங்கிவிட்டது. களத்துக்கு ஏறிவரும் படிக்கட்டில் ஒரு தலையும் தெரியவில்லை.

அவள் பேர் வந்தது.

“இருக்கேங்க!”

கட்டைக்குரல். என் குரல்தான். மூளை இருந்தால் பெண் குரலிலாவது கத்தியிருப்பேன்.

“அடப்பாவி, நீ எப்ப கொழுந்து எடுக்க வந்த?” என்றாள் முன்னால் நின்ற ஓர் அக்கா.

கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். அப்போதுதான் கூடையோடு ஓடிவந்தாள் என் மனைவி.

“பிள்ள சட்டையப் புடிச்சுக்கிட்டு விடலீங்கய்யா…”

கணக்கப்பிள்ளை பேனாவைத் திறந்து அவள் பேருக்குக் குறி போட்டார். “நீ கீழ்மலைக்குப் போம்மா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மேல்மலையில கொழுந்துக்கு ஒரு ஆளு கொறையுது. நீதான் இருக்கேன்னியே, ஏறு.”

“ஒங்கள யாரு வாயத் தொறக்கச் சொன்னது?” என்று பல்லைக் கடித்தபடியே என் மனைவி இன்னொரு கூடையை எடுத்து, அதன் கயிற்றை என் தலையில் மாட்டிவிட்டாள்.

இருபது பெண்களின் கேலியோடு ஏறினேன். இலை எது, கொழுந்து எது என்று விரல் தடுமாறியது. கண் மட்டும் கீழேயே இருந்தது. பத்து மணிக்குப் பனி விலகியபோது, பிள்ளைக்காம்பரா வாசலில் அவள் குனிந்து உள்ளே நுழைவது தெரிந்தது.