மூக்கு வரை வந்த அமைச்சர்

ராஜினாமா செய்தி வந்தபோது அமைச்சர் எங்கள் மெஷினில் மூக்கு வரை வந்திருந்தார். ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்: டெல்லியில் யார் பதவிக்கு வந்தாலும் போனாலும் முதலில் மாட்டுகிறவன் டிசைன் போடுகிறவன்தான். நான் பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்னமனூரில் சலீம் அண்ணன் கடையில் டிசைன் போடுகிறேன். படிப்பு வரவில்லை, கம்ப்யூட்டர் வந்தது. இதில் சோகம் ஒன்றுமில்லை.

மூக்கோடு நின்றது

அந்த மத்திய அமைச்சர் தேனிக்கு வருவதாக இருந்தது. ஆளுங்கட்சி முருகேசன் இருபதடி வரவேற்பு ஃப்ளெக்ஸ் சொல்லியிருந்தார். மெஷின் மேலிருந்து கீழாக அடிக்கும். முடி, நெற்றி, கண், மூக்கு என்று இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் போனில் செய்தி. அரசு வேலைக்கான தேர்வின் கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியே போய்விட்டது, தேர்வு ரத்து, பொறுப்பேற்று அமைச்சர் ராஜினாமா.

மெஷினை நிறுத்திவிட்டு முருகேசனைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் சொன்னார்:

"மூக்கோட நிப்பாட்டு தம்பி. வாய் வந்தாத்தான் வம்பு."

ஆடிக் காற்று

ஃப்ளெக்ஸில் தப்பு வந்தால் முழுசாகத் திரும்ப அடிக்க மாட்டோம். தப்பான இடத்துக்கு மட்டும் ஒரு துண்டு அடித்து மேலே ஒட்டிவிடுவோம். உத்தமபாளையத்தில் ஒரு பேக்கரி திறப்பு விழா ஃப்ளெக்ஸிலும் இதே அமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். 'மத்திய அமைச்சர்' என்பதற்கு முன்னால் 'முன்னாள்' ஒட்டித் தரச் சொன்னார் பேக்கரிக்காரர்.

காலையில் ஏணி போட்டு ஒட்டினேன். மத்தியானம் அதைக் காணோம். ஆடிக் காற்று எங்கள் பள்ளத்தாக்கில் ஆளையே தள்ளும், ஒரு சாண் துண்டை விடுமா? திரும்ப ஒட்டினேன், திரும்பப் பறந்தது. அமைச்சர் ஒரே நாளில் இரண்டு தடவை பதவிக்கு வந்துவிட்டார். மூன்றாவது தடவை நான் ஏணியில் நின்றபோது கீழே டீ குடித்துக்கொண்டிருந்த லோடுமேன் கத்தினார்:

"ஏலே, எறங்கு! அவரு ராஜினாமாவக் காத்து ஏத்துக்கிற மாட்டேங்குது!"

கடையிலேயே நாடாளுமன்றம்

அடுத்து வந்தவர் எதிர்க்கட்சி கதிரேசன். பஸ் ஸ்டாண்டு முன்னால் ஆர்ப்பாட்டம். 'தேர்வு மோசடி! நாடாளுமன்றத்தில் விவாதம் நடத்து!' என்று சிவப்பில் பெரிதாக வேண்டும் என்றார். பக்கத்து நாற்காலியில், மூக்கு வரை அடித்ததை என்ன செய்யலாம் என்று கேட்க வந்த முருகேசன்.

"அதான் மனுசன் போயிட்டாருல்ல? இன்னும் என்னய்யா விவாதம்?" என்றார் முருகேசன்.

"வீட்டுல களவு போயிருக்கு. காவக்காரன் வேலைய விட்டுட்டேன்னு சொன்னா, போன பண்டம் திரும்பிருமா? எப்படிப் போச்சு, யாரு எடுத்தான்னு கேக்க வேணாமா?" என்றார் கதிரேசன்.

எனக்கு அரசியல் தெரியாது. ஆனால் அது நியாயமான கேள்வி. முருகேசன் சொன்ன பதில் பக்கத்து மருந்துக் கடை வரை கேட்டது. சலீம் அண்ணன் இரண்டு பேர் கையிலும் டம்ளரைத் திணித்தார்:

"டீயக் குடிங்கய்யா. டெல்லியில நடக்காத விவாதம் எங்கடையில நடக்க வேணாம்."

பாஸ்போர்ட் சைஸ்

கதிரேசனுக்கு வெறும் எழுத்து போதவில்லை. "கோம்பை ஊருப் பிள்ளை பவித்ரா இந்தப் பரீட்சைய எழுதுச்சுல்ல? விண்ணப்பத்துக்கு இங்கனதான போட்டோ எடுத்துச்சு? அதைப் பெருசாப் போடு, ஊரே உருகும்" என்றார். சலீம் அண்ணனும் போடு என்றார். போட்டேன். பாஸ்போர்ட் சைஸ் முகம் ஆறடிக்கு விரிந்தது.

பவித்ரா என்னோடு படித்தவள். மறுநாள் காலை ஏதோ பிரிண்ட் எடுக்க வந்தவள் திரையில் தன்னையே பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. யாரும் அவளைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"விவாதம் வேணாங்கலடா. எனக்கும் வேணும். ரெண்டு வருசம் படிச்சிருக்கேன். ஆனா பஸ் ஸ்டாண்டுல எம்மூஞ்சி தொங்குனா எங்கப்பா பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்னுட்டு அடுத்த முகூர்த்தத்துலயே கட்டிக் குடுத்துருவாக" என்றாள்.

"அப்ப என்னதான் போடச் சொல்ற?" என்று எரிந்து விழுந்தேன். கோபம் என் மேல்தான். அவள் சொன்னாள்:

"மறுபரீட்சை எப்பன்னு கேளு. அதை ஒருத்தரும் கேக்கல."

ஆறடி இடம்

படத்தைத் தூக்கினேன். அந்த ஆறடி இடத்தில் 'மறுதேர்வு எப்போது?' என்று மட்டும் வைத்து மெஷினில் விட்டேன். கதிரேசன் விரித்துப் பார்த்தபோது ஆர்ப்பாட்டத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. திட்டினார், நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் அதையே கட்டினார்கள்.

'விவாதம் நடத்து' கோஷத்துக்குக் கட்சிக்காரர்கள் மட்டும் கை தூக்கினார்கள். அப்புறம் கதிரேசன் ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்து "மறுதேர்வு எப்போது?" என்றார். பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். நான் சாலைக்கு இந்தப் பக்கம் ஏணியோடு நின்றேன். முருகேசன் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தேதி ஏதும் தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு தம்பி. எம்மகளும் எழுதிருக்கா."

நான் இதை எழுதும் வரை விவாதமும் நடக்கவில்லை, தேதியும் வரவில்லை; அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு ஆகும், அந்தப் பிள்ளை போட்டோவை அழிக்காமல் பத்திரமாக வைத்திரு என்று கதிரேசன் ஆட்கள் சொன்னார்கள், நான் வைக்கவில்லை.