குழாய்க்குள் பார்த்த கண்

மயில் விரட்டும் துப்பாக்கி தனித்தனிச் சாமானாகத்தான் வந்தது. பிளாஸ்டிக் குழாய், மூடி, அடுப்புப் பற்றவைக்கிற லைட்டர். என் வீட்டுக்காரரின் அண்ணன் அதை ஒட்டி, திருகி, ஒரு பகலில் மாட்டி முடித்தார். மாம்பழம் பழுக்க வைக்கிற கல்லை உள்ளே போட்டுத் தண்ணீர் தெளித்தால் கேஸ் கிளம்பும். பின்னால் இருக்கும் லைட்டரைத் தட்டினால் முன்வாயில் இடி மாதிரி வெடிக்கும். குண்டு கிண்டு கிடையாது. சத்தமும் தீயும்தான்.

ஒத்தக்கடையைத் தாண்டி எங்கள் நிலம். சுற்றிலும் பிளாட் போட்டுப் புதரை அழித்துவிட்டதால் மயில்கள் எங்கள் கடலைக் காட்டுக்குள் இறங்கி, முளைவிட்ட பருப்பைக் கிளறித் தின்றன. வீட்டுக்காரர் கே.கே. நகரில் வாட்ச்மேன், விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். காட்டில் நானும் அவர் அண்ணனும்தான்.

அண்ணனிடம் நான் நேருக்கு நேர் பேசியதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. என் கூச்சம் வேறு. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து, அவரிடம் சொல்ல வேண்டியதை ஆட்டிடம் சொல்லுவேன். அவரும் ஆட்டிடமே பதில் சொல்லுவார். எத்தனையோ ஆடுகள் மாறிவிட்டன, இது மாறவில்லை.

அவருக்கு இடது கண் சின்ன வயதிலேயே நெல் தாள் குத்திப் போய்விட்டது. மிச்சம் இருந்த வலது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார்.

அன்று காலை துப்பாக்கி வெடிக்கவில்லை. கல் போட்டார், தண்ணீர் தெளித்தார், மூடினார், தட்டினார். டிக், டிக் என்று வெறும் சத்தம். மயில்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இம்புட்டுக் காசு குடுத்து வாங்குனது, கொட்டாவி விடுதுடா," என்றார், வரப்போரம் முளைக்குச்சியில் கட்டியிருந்த ஆட்டிடம்.

ராத்திரி அதை வெளியிலேயே போட்டிருந்தார். எனக்குப் பனிதான் காரணம் என்று பட்டது. நானும் ஆட்டிடம் சொன்னேன்: "நம்ம வீட்டு லைட்டரும் ஈரம் பட்டா இப்படித்தான். நுனியத் தொடச்சாத்தான் பிடிக்கும்."

"ஆட்டுக்கு அடுப்பு வேலையும் தெரியுமோ?" என்றவர், லைட்டரைக் கழற்றிப் பார்த்தார். நுனியில் வெள்ளைச் சாம்பல் ஈரத்தோடு அப்பியிருந்தது. வேட்டியில் துடைத்தார், வெயிலில் காட்டினார், திருப்பி மாட்டினார். பழைய கல் உள்ளேயே கிடக்க, மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடினார்.

பிறகு குழாயைத் தன் பக்கம் திருப்பினார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பொறி வருதான்னு பாப்போம்டா," என்று ஆட்டிடம் சொல்லிக்கொண்டே அந்த ஒற்றைக் கண்ணைக் குழாய் வாயில் வைத்தார். கையை நீட்டி லைட்டரைத் தட்டினார். டிக்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு நேரம் லைட்டர் ஈரமாக இருந்தது, இப்போது காய்ந்துவிட்டது. உள்ளே கேஸ் நிறைந்து கிடக்கிறது. அடுத்த தட்டில் பிடித்துவிடும். ஆட்டிடம் சொல்லி அவர் காதில் விழுவதற்குள் கண் போய்விடும். நேராகக் கூப்பிடலாம் என்றால், எப்படிக் கூப்பிட? மாமாவா, மச்சானா? எந்த முறையும் என் வாயில் பழகவில்லை.

டிக்.

"ஏய்! தலையத் தூக்கு!"

ஆட்டை அதட்டுகிற அதே குரல். என் குரல்தான். அவர் விருட்டென்று தலையைத் தூக்கினார். கை அதன்பாட்டுக்கு மறுபடி தட்டிவிட்டது.

டொம்மென்று வெடித்தது. தீ அவர் காதோரமாகப் போனது. மயில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையால் கண்ணை மூடி, எடுத்து, மறுபடி மூடி, எடுத்துப் பார்த்தார். பார்வை இருந்தது. காதோர முடி மட்டும் கருகியிருந்தது.

நான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றேன். மூத்தவரை ஏய் என்றுவிட்டேனே!

வரப்பில் உட்கார்ந்தபடியே, ஆடு இல்லாத முளைக்குச்சியைப் பார்த்துச் சொன்னார்: "ஏய்னா ஏய்தான். கண்ணு இருக்குல்ல."

லைட்டரைக் கழற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆட்டைத் தேடிப் போனார்.

இப்போது தட்டையும் கரண்டியையும் வைத்துத்தான் மயில் விரட்டுகிறோம். சில நேரம் நான் "ஏய்!" என்று கத்தினால், வரப்பின் அந்தக் கோடியில் அவரும் தலையைத் தூக்குகிறார்.