பச்சை டிக் வாங்கிய கழிப்பறை

எங்கள் மண்டலத்திலேயே மிகச் சுத்தமான பெண்கள் கழிப்பறை என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில்தான் இருந்தது. தினமும் காலையில் தலைமையாசிரியர் அதைப் போனில் படமெடுத்துத் தலைநகரத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து பச்சை டிக் வரும். ஈரமில்லை, கறையில்லை. வாடை படத்தில் தெரியாது. ஆனால் உண்மையிலேயே வாடையும் இல்லை. தண்ணீர் மோட்டார் எரிந்துபோனதிலிருந்து அது பூட்டித்தான் கிடந்தது. படமெடுக்க மட்டும் திறப்பார்கள்.

மகளின் தண்ணீர் பாட்டில் காலையில் போன கனத்தோடே சாயங்காலம் திரும்பி வந்தது. பள்ளியிலேயே நல்ல தண்ணீர் கிடைக்கிறதாக்கும் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு ஒருநாள் குளிர்ஜுரத்தோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். ஊர் சுகாதார நிலையத்தில் சிறுநீர் பரிசோதிக்க வேண்டிய சாமான் தீர்ந்துபோயிருந்தது. கேட்டு எழுதியிருக்கிறார்களாம், அதே தலைநகரத்துக்கு. வடமாலபேட்டையில் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு ஓடினோம். கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது, இன்னொரு முறை இப்படி வந்தால் அது தழும்பாகவே நின்றுவிடலாம் என்றார் டாக்டர். இவ்வளவு நேரம் ஏன் அடக்குகிறாய் என்று அவளைக் கேட்டார்.

"ஸ்கூல்ல போவ எடமில்ல. அதான் தண்ணியே குடிக்கறதில்ல" என்று அவள் என்னிடம் சொன்னாள்.

அவள் வீடு திரும்பியதும் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. மோட்டார் ரிப்பேருக்குப் பணம் கேட்டு எழுதியிருந்தார். படங்கள் திருப்தியாக இருப்பதால் நிதி தேவைப்படவில்லை என்று பதில் வந்திருந்தது. என் வீட்டுக்காரர், எரிந்துபோன வயல் மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். காசில்லாமல் செய்து தருவார் என்றேன். தலைமையாசிரியர் பயந்துவிட்டார்.

"வேணாம்மா. தண்ணி வந்தா பசங்க போவாங்க. போனா தரை நனையும். போட்டோவுக்கு செவப்பு வரும். அப்புறம் நான் யார் யாருக்கு பதில் சொல்லிக்கினு இருக்கறது?"

"எம் பொண்ணு ட்ரிப்ஸ் ஏத்திக்கினு படுத்திருந்தாளே, அன்னிக்கி என்ன கலர் சார் வந்திச்சி?"

அவர் போனைத் தடவிப் பார்த்தார். "பச்சதாம்மா" என்றார், மெதுவாக. பிறகு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஓடியது. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்து மோட்டார் கட்டினால் எங்கள் பக்கம் ஒரு போகமும் விளையாது. திங்கட்கிழமை காலை மணி அடிக்குமுன்பே தரையெல்லாம் தண்ணீர், செருப்புத் தடம். எதிர்பார்த்தபடியே சிவப்பு. விளக்கம் கேட்டார்கள். பெண்கள் உபயோகிக்கிறார்கள் என்று தலைமையாசிரியர் ஒரே வரியில் எழுதி அனுப்பினாராம்.

பள்ளியின் பணமும் அதைச் செலவழிக்கும் அதிகாரமும் இங்கே வரும்வரை, அடுத்த தடவை மோட்டார் எரியும்போது, காயில் கட்டத் தெரிந்த அப்பாவுக்கு அங்கே ஒரு மகள் படித்துக்கொண்டிருக்க வேண்டும். என் மகளுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி.

இப்போது பாட்டில் காலியாக வருகிறது. இருந்தாலும் தினமும் பையிலிருந்து எடுத்துக் கனம் பார்க்கிறேன்.