எதிர் குவார்ட்டர்ஸ் சுதாவும் என் கேமராவும்

சைக்கிள் மிதிப்பது பெரிய வித்தையில்லை. முந்திரிக்காட்டுச் செம்மண் பாதையில் மிதிக்கும்போது ஒன்றரைக் கிலோ கேமராவை உடம்பில் எங்கே வைப்பது என்பதுதான் வித்தை.

முதுகுப் பை இருக்கிறதே என்பீர்கள். நெய்வேலி வெயிலைப் பார்க்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். பத்து நிமிடம் மாட்டினால் முதுகு முழுக்க வேர்க்குரு. அதோடு, பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, கேமராவை எடுப்பதற்குள் பறவை சேத்தியாத்தோப்பு போய்ச் சேர்ந்திருக்கும். என்னைப்போல் முதுகில் எதையும் சுமக்க முடியாத சகோதரிகளே, இது உங்களுக்காக. சுதாவுக்காக இல்லை.

காய்ந்த முதுகு

சுதா எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ்காரி. என்னைவிட ஆறே வயது சின்னவள். ஆனால் கூப்பிடுவது ஆண்ட்டி. அவளும் கியர் சைக்கிளில் போய்ப் படம் எடுக்கிறாள். அவள் முதுகு மட்டும் எப்போதும் காய்ந்தே இருக்கும். ஏனென்றால் கேமராப் பையை மாட்டிக்கொண்டு பின்னால் மிதித்து வருகிறவர் அவள் புருஷன். அவள் கையை நீட்டினால் போதும், ஆபரேஷன் தியேட்டரில் கத்தியை வைப்பதுபோல் அவர் கேமராவை வைப்பார்.

எங்கள் மகளிர் மன்றத்தில் வருஷத்துக்கு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் போட்டு, வாசல் சுவரில் மாட்டுவார்கள். கீழே எடுத்தவர் பேர். போன வருஷம் சுதாவின் கொக்கு. கொக்கு நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். நிற்கிற கொக்கை யார்தான் எடுக்க முடியாது? இந்த வருஷம் அங்கே என் பேர் வரவேண்டும் என்று முடிவு செய்தேன். நான் சைக்கிளை எடுத்த முதல் நாள் காலையில் அவள் கேட்டைத் திறந்துகொண்டே கேட்டாள்: "ஆண்ட்டி, நீங்க ஏன் அங்கிளையும் கூட்டிட்டு வரக் கூடாது?"

அங்கிள் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கழுத்தில்

முதலில் எல்லோரும் செய்கிற முட்டாள்தனத்தையே நானும் செய்தேன். கழுத்தில் தொங்கவிட்டேன். தார் ரோடு வரைக்கும் சாதுவாக இருந்தது. முதல் பள்ளத்தில் இறங்கியதும் ஊஞ்சலாடி மேலே வந்து வாயில் ஒரு குத்து. உதடு கொழுக்கட்டையாகிவிட்டது. கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த அத்தனை மரியாதையான இங்கிலீஷும் அன்றைக்கு எனக்கு மறந்துபோனது.

திரும்பும்போது மந்தாரக்குப்பத்தில் கீரை வாங்க நின்றேன். கீரைக்காரம்மா என் உதட்டையே பார்த்தாள். கட்டுக்கு மேல் இரண்டு கொத்து கொத்தமல்லி சேர்த்து வைத்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அண்ணன் அவ்ளோ கோவக்காரரா? பாத்தா தெரியலியேம்மா."

ஹெல்மெட்டில்

சுரங்கத்தில் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு பலன் வேண்டாமா? அவருடைய மைன்ஸ் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, உள்ளே ஒரு துண்டை மெத்தையாகப் போட்டு, நாடாவை ஹேண்டில்பாரில் மாட்டினேன். கேமரா தொட்டில் போட்டதுபோல் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் முழங்காலில் இடித்தது, பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கேமராவை எடுத்தேன். ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினேன். மற்றதை மறந்தேன்.

அந்த வாரம் அவருக்கு செகண்ட் ஷிஃப்ட், மதியம் கிளம்பிப் போனார். பத்து நிமிடத்தில் போன். "இன்சார்ஜ் முன்னாடி ஹெல்மெட்டைத் தலையில கவுத்தேன். உன் துண்டு மூஞ்சில விழுது, லென்ஸ் மூடி மூக்குல விழுது. என் தலைக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்டி, அதையாவது விட்டு வை."

துப்பட்டாவில்

கடைசியில் வழி கிடைத்தது. கேமராவின் வாரை உடம்புக்குக் குறுக்கே மாட்டி, கேமராவை இடுப்புக்குப் பின்பக்கம் தள்ளி, அதன்மேல் துப்பட்டாவைச் சுற்றி முன்னால் ஒரே ஒரு முடிச்சு. எந்தப் பள்ளத்திலும் அசையாது. முடிச்சை இழுத்தால் கேமரா தானாக முன்னால் வந்துவிடும். காசு செலவில்லை, புருஷனும் தேவையில்லை. எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

முந்திரி மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் மட்டும் கோலை நீட்டி என்னை நிறுத்தினாள். இடுப்பு மூட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "கைக்கொயந்தைய வெயில்ல கட்டிகினு சைக்கிள் வுடுறியே, வச்சிப் பாத்துக்க வூட்டுல யாருமே இல்லியா?"

பஞ்சுருட்டான்

செம்மண் சரிவில் வளை தோண்டியிருந்த பச்சைப் பஞ்சுருட்டான் குருவிக்காக நான் ஒன்பது நாள் போனேன். பத்தாம் நாள் சுதாவும் வந்துவிட்டாள். யார் சொன்னார்களோ!

தட்டானைக் கவ்விக்கொண்டு பறவை என் எதிரே கிளையில் உட்கார்ந்தது. நான் முடிச்சை இழுத்தேன். சுதா பின்னால் கையை நீட்டினாள். கையில் காற்றுதான் வந்தது. அவள் புருஷன் அரைக் கிலோமீட்டர் பின்னால், பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நான் நாலு படம் எடுத்தேன், பறவை பறந்தது. என் வாழ்க்கையில் அத்தனை இனிப்பான காலை வந்ததில்லை. அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "வெறுங்கையோட போகாதே, என்னையாவது எடுத்துக்கோ" என்று சுதாவிடம் சொன்னேன். துப்பட்டாவை மறுபடி இறுக்கி, சைக்கிளில் ஏறி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே சரிவில் இறங்கிக் காட்டினேன். அவள் ஒரே ஒரு படம் எடுத்தாள்: "சூப்பரா வந்திருக்கு ஆண்ட்டி!"

சுவரில்

போன வாரம் மன்ற வாசலில் இந்த வருஷப் படத்தை மாட்டினார்கள். புடவையைச் சரிசெய்துகொண்டு போய்ப் பார்த்தேன். நான் கொடுத்த பஞ்சுருட்டான் இல்லை. செம்மண் புழுதி பறக்க, துப்பட்டா முடிச்சோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, நான். கீழே, தங்க எழுத்தில், சுதாவின் பேர்.

தலைவியம்மாவுக்கு ஒரே பூரிப்பு: பறவையை யார் வேண்டுமானாலும் எடுப்பார்களாம், இப்படி ஒரு பெண்மணி கிடைப்பாளாமா. சுதா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் உண்மையாகவே வருத்தம், அதுதான் தாங்கவில்லை. "உங்க பேரையும் போடச் சொன்னேன் ஆண்ட்டி, 'படத்துல இருக்கறவங்க பேரெல்லாம் போடறது வழக்கமில்ல, கொக்குக்குப் போட்டோமா'ன்னு கேட்டுட்டாங்க."

கேமராவை எங்கே கட்டுவது என்று கண்டுபிடித்த எனக்கு, அது எதிரே வரும்போது வாயை எங்கே மூடுவது என்று மட்டும் தெரியாமல் போய்விட்டது.