சாவியக்காவுக்கு வந்த சோதனை

சாவியக்காவை அந்த மையத்துக்கு யாரும் தேடிப் பிடித்து எடுக்கவில்லை. கட்டடத்தோடு சேர்ந்து வந்தார், அவ்வளவுதான். கட்டடம் ஜவுளிக்கடையாக இருந்த காலத்தில் காலையில் திறப்பதும் இரவில் பூட்டுவதும் அவர் வேலை. கடை மூடப்பட்டு, சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் பொதுவாக ஓர் இணையப் பாதுகாப்புப் பயிற்சி மையம் அங்கே வந்தபோது, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதனால் வாசல் மேசையில் உட்கார வைத்து, முன்னால் ஒரு தொலைபேசியையும் வைத்துவிட்டார்கள்.

வேலை என்னவோ சுலபம்தான். அந்த இடத்தின் புத்திதான் அவருக்குப் பிடிபடவில்லை. சேலை மடித்து வைத்த அலமாரிகளில் இப்போது கணினிகள். துணி போட்டுப் பார்க்கும் அறைகளின் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், உள்ளே ஆளுக்கொரு போனைக் கொடுத்துப் பயிற்சி நடத்தினார்கள். ஒருவர் திருடனாகப் பேசுவார், இன்னொருவர் ஏமாறாமல் இருக்க வேண்டும். வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள் என்று நல்ல நல்ல மனிதர்களெல்லாம் வந்து உட்கார்ந்து மாய்ந்து மாய்ந்து பொய் பேசிப் பழகினார்கள். யாரையும் நம்பாதே என்று சொல்லிக் கொடுக்கவா இத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்று சாவியக்காவுக்கு மண்டை காய்ந்தது.

இயக்குநர் நல்ல மனிதர், ஆனால் சோதனைப் பைத்தியம். சொல்லாமல் கொள்ளாமல் ஊழியர்களுக்கே பொய் அழைப்பு விடுவார். முதல் சோதனையிலேயே சாவியக்கா கவிழ்ந்தார். மேலிடத்திலிருந்து பேசுவதாக ஒரு குரல் அதட்டியதும் பயந்துபோய், கணினி இயந்திர அறைக் கதவைத் திறக்கும் எண்ணை மளமளவென்று ஒப்பித்துவிட்டார். மறுநிமிடமே இயக்குநர் சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அத்தனை பேர் முன்னால் அசடு வழிய நின்றதைச் சாவியக்காவால் மறக்க முடியவில்லை.

அதற்கப்புறம் அவர் ஆளே மாறிப்போனார். தண்ணீர் கேன் கொண்டுவந்தவரிடம் அடையாள அட்டை கேட்டார். இயக்குநரின் மனைவியையே வாசலில் வெயிலில் நிறுத்தி வைத்தார். எது நிஜம், எது சோதனை என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆகவே எல்லாமே சோதனை என்று வைத்துக்கொண்டார். வீட்டில் கணவர் கூப்பிட்டால்கூட ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு மத்தியானம் மேசைத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான்தான். இது புது நம்பர். அவசரமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லிடாத."

சாவியக்காவின் கண் நேராக எதிர்ச் சுவருக்குப் போனது. மையத்தார் ஒட்டிய எச்சரிக்கைத் தாள் அங்கே இருந்தது. மோசடிக்காரர்கள் உறவைச் சொல்வார்கள், புது எண் என்பார்கள், அவசரப்படுத்துவார்கள், ரகசியம் என்பார்கள். ஒன்றுவிடாமல் அத்தனையும் இருந்தது. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தம்பி இருக்கிற விஷயத்தை இங்கே யாரிடமும் அவர் மூச்சுவிட்டதில்லை. அதையும் தோண்டி எடுத்துவிட்டார்களே, இவர்களுக்கு விவஸ்தையே கிடையாதா?

"எனக்குத் தம்பியே கிடையாது. இந்த அழைப்பு பதிவாகுது. வேற ஆளைப் பாருங்க."

"அக்கா, ஒரு நிமிஷம்..."

டக்கென்று வைத்துவிட்டார். இந்த முறை ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இயக்குநர் சிரித்தபடி இறங்கி வருவார் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வரவில்லை.

தம்பி வீட்டை விட்டுப் போன கதை சின்னதுதான். ஆனால் இன்னும் ஆறவில்லை. ஒருநாள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, போனைத் திறக்க அவன் விரலால் போடும் கோட்டைச் சாவியக்கா பார்த்து வைத்துக்கொண்டார். பிறகு அவன் குளிக்கப் போன நேரத்தில் திறந்து, ஒரு பெண் எழுதியதையெல்லாம் படித்து, அப்பாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டார். நல்லதுக்குத்தான் என்று நினைத்தார். அப்பா அந்தப் பெண் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட, அவர்கள் அவளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என் போனைத் திறந்தவ எனக்கு அக்காவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். எண்ணையும் மாற்றிவிட்டான். இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியாது.

மறுநாள் வகுப்பில் இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு பதிவைப் போட்டார். நேற்று வாசல் மேசைக்கு வந்த அழைப்பு இது, நாங்கள் செய்த சோதனை அல்ல, அசல் மோசடி, நம் சாவியக்கா எப்படி வெட்டிவிட்டார் கேளுங்கள் என்று பெருமையாகச் சொன்னார். அறை முழுக்கக் கைதட்டல்.

சாவியக்கா கதவோரம் சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். சோதனை அல்ல என்ற சொல் காதில் விழுந்ததுமே ஓரடி உள்ளே வந்தார். அப்புறம் பெரிய ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது. பேச ஆரம்பிக்கும் முன் நாக்கால் ஒரு சின்ன 'ச்'. தம்பி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நேற்று கோபத்தில் அது காதிலேயே ஏறவில்லை.

அவனேதானா? போன வாரம்தான் இயக்குநர் தன் குரலையே இயந்திரத்தில் போட்டு, தான் சொல்லாததையெல்லாம் சொல்ல வைத்துக் காட்டினார். இருமல்கூட அச்சு அசலாக வந்தது. அப்படியானால் இந்த 'ச்' மட்டும் எந்த மூலைக்கு? அவன் குரலை யார் எடுத்திருப்பார்கள்? எதற்கு? இல்லை, அவனே கூப்பிட்டு, தம்பியே கிடையாது என்று நான் சொல்லிவிட்டேனா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. இயக்குநரின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே அழைத்துவந்து, நிஜமான ஆள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார்.

உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த எண்ணில் திருப்பிக் கூப்பிடுங்கள் என்றார் அவர். தெரிந்த எண் எதுவும் இல்லை. அப்படியானால் உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள் என்றார். யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று அவர் திருப்பிக் கேட்பதற்குள் சாவியக்கா படியிறங்கிவிட்டார்.

துணி போட்டுப் பார்க்கும் அறைகளில் காலியாக இருந்த ஒன்றுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நேற்று பதிவான எண்ணைத் தன் கைப்பேசியில் அழுத்தினார். மூன்று பக்கக் கண்ணாடியிலும் பேயறைந்தது போல அவர் முகமே தெரிந்தது. என்ன கேட்பது என்று இன்னும் யோசிக்கவே இல்லை, அதற்குள் எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள்.

"நான் அக்கா பேசறேன்டா."

முதலில் அந்தச் 'ச்' கேட்டது.

"எந்த அக்கா? நேத்து ஒருத்தங்க அக்கா குரல்லயே பேசினாங்க. தம்பியே கிடையாதுன்னாங்க. இப்ப வேற நம்பர்ல இருந்து நீங்க. நான் எப்படி நம்பறது?"

கேள்வி கேட்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், பதில் சொல்லச் சொல்லிக் கொடுக்கவில்லையே! இருவருக்கு மட்டும் தெரிந்தது என்ன இருக்கிறது? அப்பா பெயர் ஊருக்கே தெரியும். படித்த பள்ளி, இருந்த வீடு எல்லாவற்றையும் எவனும் தோண்டி எடுக்கலாம். யாராலும் தோண்ட முடியாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னார்.

"கீழ இடது மூலையில ஆரம்பிப்ப. நேரா மேல. அப்புறம் நடுப்புள்ளி வழியா குறுக்கா கீழ, வலது மூலைக்கு. அங்கிருந்து மறுபடி நேரா மேல. உன் போன் பூட்டு. நான் திருட்டுத்தனமா பார்த்தேன்டா. தப்புதான்."

வைத்துவிடப் போகிறான் என்று நினைத்தார்.

"அதை நான் இன்னும் மாத்தலக்கா."

முதல் நாள் வருகிறவர்களிடமெல்லாம், போன் பூட்டை முதலில் மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்புகிறவர் சாவியக்கா. இப்போது அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. சாவிக்கொத்தை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். கண்ணாடிகளைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டே, எதுக்குடா நேத்துக் கூப்பிட்ட என்று கேட்டார்.

பேப்பரில் மையத்தின் படம் வந்ததாம், அதில் ஓரமாக அவர் நின்றதைப் பார்த்து எண்ணைத் தேடிப் பிடித்தானாம். நாளைக் காலையில் பதிவு அலுவலகத்தில் அவனுக்குக் கல்யாணம். அவன் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட ஆளில்லை. பெண் வீட்டுக்கு விஷயம் தெரிந்தால் ரகளையாகிவிடும், அதனால்தான் யாரிடமும் சொல்லாதே என்றானாம்.

"வரேன்டா, கண்டிப்பா வரேன். பொண்ணு யாரு?"

"உனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான்க்கா. அவ எழுதினதைத்தான் நீ முழுக்கப் படிச்சியே."