சிவப்பு லேபிளில் பழி போட்ட மனுசன்

என்ரை மனுசன் நேசையா வட்டுக்கோட்டைத் தபால் கந்தோரிலை கிளாக்கர். காது மட்டும் லண்டனிலை பிறந்ததெண்டு அவருக்கு ஒரு நினைப்பு. கொழும்பிலை வெள்ளைக்காரர் வித்துப்போட்டுப் போன பழைய இசைத்தட்டுகளைப் பெட்டி பெட்டியா வாங்கி வருவார். வயலின், பியானோ, எல்லாம் சீமைச் சங்கீதம். வீட்டிலை அரிசி முடிஞ்சது தெரியாது. தட்டின்ரை நடுவிலை ஒட்டின லேபிள் நிறத்தைப் பாத்தே எந்தக் கொம்பனித் தட்டு எப்பிடிப் பாடுமெண்டு தெரியும்.

"நீல லேபிள் தேன். சிவப்பு லேபிள் பொரிக்கிற சட்டி, ஒரே கரகரப்பு," எண்டு பத்து வருசமாச் சொன்னார். ஆராவது மறுத்துக் கதைச்சா அண்டைக்கு அவைக்குத் தேத்தண்ணி இல்லை.

சிவப்பிலை ஒண்டு என்ரை. செத்துப்போன அப்பா தந்த செல்லோத் தட்டு; செல்லோ எண்டால் நிலத்திலை ஊண்டி வாசிக்கிற பெரிய வயலின். அதுவும் பொரிஞ்சுதான் கிடந்தது. பொரிஞ்சாலும் எனக்கு அது அப்பா.

எழுபத்திரண்டாம் ஆண்டு ஒருநாள் கொழும்புத்துறையிலை தங்கச்சி வீட்டை போய் வாறன், மனுசன் சிவப்பு முழுக்கத் எங்கடை ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தேவராஜா மாஸ்ரருக்குக் குடுத்துப்போட்டு நாலு நீலம் வாங்கி வைச்சிருக்கிறார். என்ரையும் அதோடை போயிட்டுது.

"உதெல்லாம் குப்பை, ஐரிஸ்," எண்டார்.

வந்த கோவத்துக்கு தட்டுப் போடுற றேடியோகிராம் பெட்டியைக் கிணத்துக்குள்ளை தள்ளியிருப்பன். பாரமெண்டு விட்டன்.

அழுதுகொண்டே தேவராஜா வீட்டை போனன். மனுசனும் பின்னாலை வந்தார். கேற்றடியிலையே என்ரை செல்லோ கேக்குது. ஒரு பொரியல் இல்லை. வாசிக்கிறவன் மூச்சு விடுறதுகூடக் கேக்குது. அப்பா கேட்டது இதைத்தான். நான் ஒருநாளும் கேக்கேல்லை.

"நல்ல ஊசி போலை," எண்டார் மனுசன்.

தேவராஜாவின்ரை மனுசி றோஸ் சிரிச்சாள். "ஊசி இல்லை, அண்ணை. தட்டு முழுக்கச் சுண்ணாம்பு. தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படியுமே, அதுதான். மழைத்தண்ணியிலை கொஞ்சம் வினாகிரி விட்டுத் துடைச்சனான். நீங்கள் எதிலை கழுவினீங்கள்?"

மனுசன் கழுவினது எங்கடை சுண்ணாம்புக் கிணத்துத் தண்ணியிலை. கிழமைக்கொருக்கால், சவர்க்காரம் போட்டு. நீல லேபிள் நனைஞ்சா மை கரையுமெண்டு அதுகளைத் துணியாலை மட்டும் துடைப்பார். பத்து வருசமா இந்த மனுசன் சோதிச்சது கொம்பனியை இல்லை, எங்கடை கிணத்தை.

றோஸ் தட்டை உறையிலை போட்டு நீட்டினாள். "உங்கடை அப்பான்ரை எண்டு தெரியாது, அக்கா. கொண்டு போங்கோ."

கை நீட்டினன். பக்கத்திலை மனுசன், "ஓம், வீட்டை போய் ஒருக்காக் கழுவி..." எண்டார்.

கையை எடுத்திட்டன். "இங்கையே இருக்கட்டும், றோஸ். நான் ஞாயிறு தோறும் வந்து கேக்கிறன்."

மனுசன் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினார். "நானும் வரட்டோ?" எண்டார்.

"வாங்கோ. கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேணும்."