கவர்னர் வீட்டில் இடது பக்கம்

சென்ற வாரம் தபாலில் மாதிரி வாக்குச்சீட்டு வந்தது. நியூ ஜெர்சியில் தேர்தலுக்கு முன்பு வாக்காளர்களுக்கு அனுப்பிவைப்பார்கள். அதைப் பிரித்ததும், கடைசி நிரலில் நகர மன்ற வேட்பாளர்கள் இருக்குமிடத்தில் விரலை வைத்து ஒரு பெயரைத் தேடுவது என் வழக்கம். இருக்காது என்று தெரியும். இருந்தாலும் தேடுவேன்.

“ஹூ ஆர் யூ லுக்கிங் ஃபார், அப்பா?” என்றாள் மகள்.

“வான் ஹோல்டன்னு ஒரு அம்மா. முன்னாடி இங்க நின்னாங்க.”

“டிட் ஷி வின்?”

“இல்லம்மா.”

அவள் மாடிக்குப் போய்விட்டாள். தோற்றவர்களைப் பற்றி என்ன கேட்பது?

நான் வேலைக்கு வந்த புதிதில், கைப்பேசி வழி சொல்லாத அந்தக் காலத்தில், பார்சிப்பனிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் சேகரும் நானும் குடியிருந்தோம். சேகர் ராயபுரத்துக்காரன். கட்டடம் முழுக்க நம்மவர்கள்தாம். மாலை ஆறு மணிக்கு ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மாவட்டத்துக் குழம்பு மணக்கும். விமான நிலையத்திலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குச் சேகர்தான் தொலைபேசியில் வழி சொல்வான். “ஹைவேல எக்ஸிட் எடுத்து நேரா வா மச்சி. ஒரு பழைய வெள்ள வீடு வரும், கவர்னர் வீடு. அங்க லெஃப்ட் எடுத்தா நம்ம அபார்ட்மென்ட்.” அந்த வீட்டைத் தவறவிட்டவர்கள் அடுத்த ஊர் பெட்ரோல் பங்கிலிருந்து மறுபடி கூப்பிடுவார்கள்.

பெயிண்ட் உரிந்த இரண்டு மாடி மரவீடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மாநிலத்துக்கு ஆளுநராக இருந்தவர் வாழ்ந்த வீடு. நம்மூர் ஆளுநரைப் போல நியமனப் பதவியல்ல. மக்கள் ஓட்டுப் போட்டு வருவது. “அப்ப சி.எம்.னு சொல்லு” என்றான் சேகர். வாசலில் ஓர் இரும்புப் பலகை. எனக்குத் தேதிப் பைத்தியம் உண்டு. சேகர் எனக்கு வைத்த பெயர் கல்வெட்டு. அவர் ஆளுநரானதாக அந்தப் பலகையில் இருந்த ஆண்டும், நூலகத்தில் நான் படித்த உள்ளூர் வரலாற்றிலிருந்த ஆண்டும் ஒத்துப்போகவில்லை. ஒரு வருட வித்தியாசம். நியாயமாகப் பார்த்தால் எனக்குத் தூக்கம் கெட வேண்டிய விஷயமில்லை. கெட்டது.

நூலகத்தில் தோண்டியதில் குடும்பமே வெளியே வந்தது. ஆளுநரின் மகன் வாஷிங்டனில், நம் நாடாளுமன்றம் போன்ற காங்கிரஸில் உறுப்பினர். பேரன் மாநில செனட்டர். கொள்ளுப்பேரன் இந்த ஊர் மேயர். சாப்பிடும்போது நான் இதை விவரிக்க, சேகர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்: “இன்னாடா இது, உல்டாவா வந்துருக்கானுங்க? நம்ம ஊர்ல வார்டுல ஸ்டார்ட் பண்ணி மேல போவாங்க. இவங்க ஸ்டேட்ல ஸ்டார்ட் பண்ணி வார்டுக்கு வந்துட்டாங்களே!”

நனைந்த கம்பளிக் கோட்டின் வாசனை உங்களுக்குத் தெரியுமா? ஆட்டுமந்தை மழையில் நின்றது போல ஒரு வாசனை. எனக்கு அதனுடன் ரசமும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும். ஓர் அக்டோபர் ஞாயிறு மதியம், சேகர் ரசம் தாளித்ததில் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. அவன் அதன்கீழ் துண்டை வீசிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. “மேனேஜர்டா! நீயே போய்ப் பேசு” என்றான்.

மேனேஜர் இல்லை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, நனைந்த கோட்டும் கையில் துண்டறிக்கைகளுமாக. நகர மன்றத்துக்கு நிற்கிறேன், மார்கரெட் வான் ஹோல்டன் என்றார். மேயரின் மகள், ஆளுநருக்கு எள்ளுப்பேத்தி. சாலையை அகலப்படுத்த அந்த வெள்ளை வீட்டை இடிக்க நகர மன்றம் முடிவு செய்திருந்தது. அதைத் தடுக்கத்தான் நின்றார். குடும்பத்தில் அரசியலுக்கு வர அவருக்குப் பிறகு யாரும் இல்லை.

சேகர் துண்டைத் தோளில் போட்டுக் கைகூப்பினான். “ஷ்யூர் மேடம், ஷ்யூர். மை ஓட்டு ஃபார் யூ ஒன்லி!”

“டேய், நமக்கு ஓட்டே இல்லடா” என்றேன் மெதுவாக. விசாவில் வந்தவர்கள் நாங்கள்.

“அதுக்கு? வூடு தேடி வந்தவங்ககிட்ட இல்லன்னு சொல்லி அனுப்புவியா?”

என்ன பேசிக்கொள்கிறோம் என்று அவர் கேட்டார். சொன்னேன். இந்தக் கட்டடத்தில் யாருக்கும் வாக்கு இல்லை, உங்கள் நேரம் வீணாகிறது. அவர் சிரித்தார். கீழ்த்தளத்திலேயே சொல்லிவிட்டார்களாம். பிறகு ஏன் மாடியேறி வந்தீர்கள் என்றதற்கு, உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஆளுநரை வளர்த்தவர் அவருடைய விதவை அத்தை என்றார். 1807 வரை இந்த மாநிலத்தில் சொத்துள்ள விதவைகள் வாக்களித்தார்கள். அந்த ஆண்டு சட்டம் போட்டு நிறுத்தினார்கள். (சரிபார்த்துவிட்டேன், தேதி சரிதான்.) ஓட்டுரிமை பறிபோன நாளிலிருந்து ஒரு வேட்பாளரும் தன் வீட்டுப் படியேறவில்லை என்று அந்த அத்தை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அதனால் ஆளுநர் ஓட்டில்லாத வீடுகளையும் விடமாட்டார். பிள்ளைகளும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் அது பழக்கம், வேறொன்றுமில்லை என்றார் மார்கரெட்.

சேகர் காபிக் கோப்பையில் ரசம் ஊற்றிக் கொடுத்தான். ஒரு மிடறில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோப்பையை மட்டும் கீழே வைக்கவில்லை. உங்களுக்கு இந்த ஊரில் என்ன குறை என்று கேட்டார். “நடக்க இடமே இல்ல மேடம். பஸ் ஸ்டாப் போறதுக்கு ரோட்டு ஓரமா, கார்ங்க நடுவுல உயிரைக் கையில புடிச்சுகினு போறோம்” என்றான் சேகர், அவனுடைய ஆங்கிலத்தில். பிறகு நான் பலகை ஆண்டைக் கேட்டேன். தேர்தல் நவம்பரில், பதவியேற்பு ஜனவரியில். பலகை ஒன்றைச் சொல்கிறது, புத்தகம் மற்றொன்றைச் சொல்கிறது என்றார். அந்தப் பலகையை முழுதாகப் படித்த முதல் ஆள் நீதான் என்றும் சொன்னார். நான் அன்று முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

நவம்பரில் அவர் தோற்றார். எங்கள் கட்டடத்தில் பதினெட்டு வயது தாண்டியவர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவான ஓட்டு வித்தியாசம்.

வீட்டை இடிப்பது குறித்த கடைசிக் கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். பொதுமக்கள் பேச ஆளுக்குச் சில நிமிடங்கள். மார்கரெட் எழுந்தார். தன் முன்னோரைப் பற்றிப் பேசுவார், எத்தனை ஆண்டுகளைச் சரியாகச் சொல்கிறார் பார்க்கலாம் என்று நான் காத்திருந்தேன். அவர் ஓர் ஆண்டுகூடச் சொல்லவில்லை. வீட்டை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள், எடுங்கள்; அந்த இடத்தில் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒரு நடைபாதை போடுங்கள், அங்கே நடப்பவர்கள் இருக்கிறார்கள் என்றார். உட்கார்ந்துவிட்டார்.

“ஏன்டா, வீட்டப் பத்தி ஒண்ணுமே பேசலியே” என்றான் சேகர்.

அடுத்த கோடையில் வீடு போயிற்று. நடைபாதை வந்தது. மார்கரெட் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சேகர் டெக்சஸில் காப்பெலில் வீடு வாங்கிப் போய் வெகுகாலமாகிறது. நான் குடியுரிமை வாங்கி முதல் முறை வாக்களித்தபோது பல தலைமுறைகளில் முதல் தடவையாக, தேர்தலில் நிற்க அந்தக் குடும்பத்தில் ஆளில்லை என்று கணக்கிட்டேன். வேறெதற்கு இருக்கிறது தேதிப் பைத்தியம்?

நேற்று சேகரைக் கூப்பிட்டு மாதிரிச் சீட்டு வந்ததைச் சொன்னேன்.

“கல்வெட்டு, இன்னும் அந்தம்மா பேரைத் தேடிகினு இருக்கியா?”

“தேடினேன்டா.”

“இங்க எனக்கு டெய்லி டெக்ஸ்ட் வருது, ஓட்டுப் போடு, ஓட்டுப் போடுன்னு. ஒருத்தனாவது வூட்டுக்கு வந்தான்ற?”

இங்கேயும் அப்படித்தான். இப்போது எங்கள் வீட்டில் மூன்று ஓட்டுகள் இருக்கின்றன. வாசலில் கேமரா வைத்த அழைப்பு மணி இருக்கிறது. யார் வந்து நின்றாலும் கைப்பேசியில் தெரியும். பார்சல் பெட்டி கொண்டுவருபவர்கள் மட்டும்தான் தெரிகிறார்கள்.